பாட்டு வூட்டுக்காரங்க

செங்கல்பட்டு
24 ஜூன் 2025

வேண்டாவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். கோபமாக இருக்கும் நாட்களில் உனக்கு ஜலதோஷம்கூட வராது. காலேஜ் காலத்திலிருந்து பார்க்கிறேன்.

போனில் என்னை ப்ளாக் செய்துவிட்டாய். நம் கூட்டத்தில் மற்ற இரண்டு பேர், ஜெகதீசனையும் ஜஹனாராவையும் அப்படியே செய்துவிட்டாய். போன வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துப் படாளத்துக்கே வந்தேன். உன் அம்மா வாசலில் நிறுத்தி, “பாப்பா வூட்ல இல்லபா” என்றார். உள்ளே உன் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. இரண்டு பேரும் ஒன்றும் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றோம். பாவம், அவருக்குப் பொய் சொல்லவே வரவில்லை, ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். மிச்சம் இருப்பது தபால்தான். அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், கல்யாண மண்டபங்களில் “ஈரத் தலை பாட்டு பாடுமா” என்று கத்தியது நாங்கள்தான். ஜெகதீசன் கத்தினான். ஜஹனாரா பெண்கள் பக்கம் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் “அந்தப் பொண்ணு சொந்தமா ஒரு பாட்டு வச்சிருக்குதாம், கேளுங்க” என்று கிளப்பிவிட்டாள். நான் மைக் செட் மிக்ஸர் பின்னால் உட்கார்ந்து ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முழித்தேன். யாராவது கூப்பிட்டார்களா என்றால் இல்லை. பத்திரிகை இல்லாமல்தான் போனார்கள்.

ஏன் செய்தோம் என்று யோசித்துப் பார்த்தாயா? ஆர்கெஸ்ட்ராவில் உன்னைச் சேர்த்த அன்று கோபாலகிருஷ்ணன் அண்ணன் என்ன சொன்னார்? “சினிமாப் பாட்டுதாம்மா நமக்குச் சோறு. உன் சொந்தப் பாட்டு யாராச்சும் கேட்டா பாடிக்கோ.” நீயும் பெரிதாகத் தலையாட்டிவிட்டாய். உனக்கு ஒரு பாட்டு இருப்பதே உலகத்தில் யாருக்கும் தெரியாதபோது எவன் கேட்பான்? சீசன் முழுக்க நீ அடுத்தவர் பாட்டைப் பாடிவிட்டு, கடைசியில் ஜனங்களை ஒரு பார்வை பார்ப்பாய். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மைக்கை வைத்துவிட்டு இறங்குவாய். அந்தப் பார்வையை மிக்ஸர் பின்னாலிருந்து பார்க்கிறவன் நான். எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

திருக்கழுக்குன்றம் ரிசப்ஷனில் ஜெகதீசன் முதன்முதலாகக் கூட்டத்துக்குள் ஒளிந்து, குரலை மாற்றிக் கத்தியபோது நீ திடுக்கிட்டுப் போய் என்னைப் பார்த்தாய். பிறகு கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாய். அப்போது சாப்பாட்டு ஹாலிலிருந்து ஆட்கள் கை கழுவாமல் வந்து நின்றார்கள். அவர்களை நாங்கள் அனுப்பவில்லை, வேண்டா. சாம்பார்க் கையோடு நின்றவர்களை யாரும் ஏற்பாடு செய்ய முடியாது.

மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னாள் ஜஹனாரா. எனக்கு வரவில்லை. திட்டுவதற்காவது ஒரு வரி எழுது.

ஜாவித்


படாளம்
30 ஜூன் 2025

ஜாவித்,

ப்ளாக்கை எடுக்கமாட்டேன். போனில் பேசினால் குறுக்கே பேசி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். காகிதத்தில் அது நடக்காது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? கல்யாண வீடியோ எடுக்கும் ஹரிஹரனின் ஸ்டுடியோவுக்குப் போனேன். நம் பாட்டை வெளியிடும்போது கூடப் போடலாம் என்று, நான் பாடிய வீடியோ எல்லாம் கேட்டிருந்தேன். அவர் ஒவ்வொரு கல்யாணமாக ஓட்டிக் காட்டினார். திடீரென்று நிறுத்தி, “மேடம், தோ இவரு இன்னா, உங்க சொந்தக்காரரா? எல்லா கல்யாணத்துலயும் கீறாரு” என்றார்.

பார்த்தால் ஜெகதீசன். சத்தம் போட்டுவிட்டு ஓரமாக உட்கார வேண்டியதுதானே? மேடை ஏறிப் போட்டோ எடுத்திருக்கிறான்! ஒரு மாப்பிள்ளையின் தோளில் கை. இன்னொரு மாப்பிள்ளைக்கு மாலையைச் சரி செய்துவிடுகிறான். கருங்குழிக் கல்யாணத்தில் பெண்ணின் மாமா வரிசையில், கண் கலங்கி நிற்கிறான். முன்பின் தெரியாத நாலைந்து குடும்பத்து ஆல்பத்தில் ஆயுசுக்கும் அவன் நிற்பான். ஹரிஹரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. எங்கெல்லாம் என் பாட்டைக் கேட்டார்களோ அங்கெல்லாம் அவன் இருந்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாவதும் பெண்ணாகப் போயிற்று என்று எனக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அதற்காக நான் அழுததில்லை. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு வேண்டா இருக்கிறாள். ஆனால் எந்த ஊர் என்றே தெரியாத ஒரு மண்டபத்தில், எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத ஜனங்கள், நான் எழுதிய பாட்டை என்னிடமே கேட்கும்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வீட்டுக்கு வந்து தூங்கமாட்டேன். அம்மாவை எழுப்பி எழுப்பிச் சொல்வேன். அந்த நம்பிக்கையில்தான் ஏப்ரலில் பொத்தேரி ஹாஸ்டல் ஆபீஸ் வேலையை விட்டேன். நான் எழுதிவைத்திருந்த ஐந்து பாட்டையும் நாமே வெளியிடலாம் என்று துணிந்தேன். ஊரெல்லாம் கேட்கிறதே, பயம் எதற்கு என்று நினைத்தேன். ஊர் என்று நான் நினைத்தது ஜெகதீசனும் ஜஹனாராவும்!

ஹாஸ்டல் ஆபீஸில் மேடம் போன் செய்தார். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்கிறார். போகலாம் என்று இருக்கிறேன். பாட்டெல்லாம் உன் கம்ப்யூட்டரிலேயே கிடக்கட்டும்.

வேண்டா


செங்கல்பட்டு
5 ஜூலை 2025

வேண்டா,

உன் கடிதத்தை மூன்று பேரும் சேர்ந்து படித்தோம். போட்டோ விஷயம் வந்ததும் ஜஹனாரா செருப்பைத் தேடினாள். ஜெகதீசன் தன் வேனுக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டான். உள்ளேயிருந்து, “கூப்ட்டாங்கோ, போனேன்! வரமாட்டேன்னா மரியாதயா இருக்குமா?” என்று கத்துகிறான். இன்னும் அவன் தன் தப்பு என்ன என்று புரிந்துகொள்ளவில்லை.

வேலைக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். எனக்கு இப்போதுதான் கோபம் வருகிறது. நீ பாட்டுக்கு நாலு வரி எழுதி முடித்துவிட்டாய். நாம் அந்தப் பாட்டுகளை எப்படிப் பதிவு செய்தோம் என்பதை மறந்துவிட்டாயா? ஜெகதீசன் கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்கும் அந்த வேன்தான் நமக்கு ஸ்டுடியோ. ஜஹனாரா வீட்டு மெத்தையெல்லாம் கொண்டுவந்து உள்ளே சுற்றிக் கட்டினோம். கொளவாய் ஏரிப் பக்கம் நிறுத்தினால் ரயில். நெம்மேலிப் பக்கம் போனால் அலை. கடைசியில் உங்கள் படாளத்து வயல்களுக்கு நடுவே போய் நின்றோம். சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஃபேன் இல்லாமல், நீ பாடினாய். வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, ஒரு சொல்கூட நசுங்காமல் பாடினாய். வெளியே வந்து மயக்கம் போட்டு விழுந்தாய். எழுந்ததும் முதல் பேச்சு: “ரெண்டாவது சரணம் சரியில்ல, இன்னொரு தபா எடுக்கலாம்.”

நான் எத்தனையோ பேருக்கு மைக் வைத்திருக்கிறேன். பாதிப் பேர் குரலுக்கு நான்தான் எக்கோ போட்டு மானத்தைக் காப்பாற்றுகிறேன். உன் குரல் வரும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தொட எதுவுமே இருக்காது. அந்தக் குரல் ஹாஸ்டல் ஆபீஸில் உட்கார்ந்து, “ஃபீஸ் ரசீது எங்கம்மா” என்று கேட்கப் போகிறது. அடிப்பாவி.

நீ கேட்காமலேயே ஒன்று சொல்கிறேன். மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவர்கள் எங்களைப் பார்த்து, “பொண்ணு வூடா, மாப்ள வூடா?” என்று கேட்பார்கள். ஜஹனாரா சிரிப்பை அடக்கிக்கொள்வாள். ஜெகதீசன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “பாட்டு வூடு” என்பான். அவர்களும் என்னமோ ஏதோ என்று சந்தனத்தை நீட்டுவார்கள். எங்களுக்கு வெட்கமாகவே இருந்ததில்லை. உன் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு ஒரு வாசலைத் தாண்டுவது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொன்று. கேளம்பாக்கம் கல்யாணத்துக்கு, அதை ஹரிஹரன் வீடியோ எடுக்கவில்லை, இவர்கள் இரண்டு பேரும் வரவில்லை. வேன் ரிப்பேர். அன்றைக்கும் கேட்டார்கள். கேட்டது யார் என்று எனக்குத் தெரியாது.

ஜாவித்


படாளம்
12 ஜூலை 2025

ஜாவித்,

வேன் பகுதியைப் படித்துவிட்டு அழுதேன். அதை ஜெகதீசனிடம் சொல்லாதே, தலைக்கு ஏறிவிடும்.

ஆனால் கேளம்பாக்கத்தை நான் எப்படி நம்புவது? நீ சொல்வது உண்மையாகவே இருக்கலாம். முன்பு பாட்டைக் கேட்டு யாராவது தலையாட்டினால் பாட்டுக்கு ஆட்டுகிறார்கள் என்று நினைப்பேன். இப்போது உன் மாமா பையனோ, ஜஹனாராவின் ஸ்கூல் டீச்சரோ என்று பார்க்கிறேன். போன வாரம் எங்கள் தெருக் கடைக்காரர் ‘ஈரத் தலை’யை அப்படியே முணுமுணுத்தார். அவரையும் சந்தேகப்பட்டேன். நீங்கள் எனக்கு நல்லது செய்ததில் ஒரே கெடுதல் இதுதான். உங்கள் கைதட்டலுக்கும் ஊரார் கைதட்டலுக்கும் என் காதில் வித்தியாசம் போய்விட்டது.

ஒரு யோசனை செய்திருக்கிறேன். குறுக்கே பேசாமல் முழுக்கப் படி.

ஒரே ஒரு கச்சேரி. என் பெயரில், என் பாட்டுகள் மட்டும். நானும் ஆர்மோனியமும். சினிமாப் பாட்டு கிடையாது. ஆர்கெஸ்ட்ரா கிடையாது. நீ இடம் பார்த்துக் கொடு, மைக் செட் போட்டுக் கொடு. அதற்கு நீதான் வேண்டும், வேறு யாரையும் நம்பமாட்டேன். ஆனால் நான் பாடும்போது நீங்கள் மூன்று பேரும் அங்கே இருக்கக்கூடாது. வாசலில் நிற்கக்கூடாது. சத்தம் கேட்கும் தூரத்திலேயே இருக்கக்கூடாது. உங்கள் வீட்டு ஆட்கள், தெரு ஆட்கள், வேனில் வரும் பெண்கள், யாருக்கும் சொல்லக்கூடாது. உன் அம்மா மேல் சத்தியம் செய்.

யாரென்றே தெரியாத ஒரே ஒருவர் கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்தால் போதும். ஹாஸ்டல் மேடத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவேன். ஒருவரும் இல்லாவிட்டால் பதினெட்டாம் தேதி டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பிறகு யாரும் என்னிடம் பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது.

வேண்டா


செங்கல்பட்டு
24 ஜூலை 2025

வேண்டா,

அம்மா மேல் சத்தியம். அம்மாவிடமே சொல்லிவிட்டுத்தான் சத்தியம் செய்தேன். “எம்மேல ஏன்டா? அந்தப் பொண்ணு பாடறத நான் போய் கேக்கவே கூடாதா?” என்று சண்டைக்கு வந்தார். உன்னால் எங்கள் வீட்டிலும் நிம்மதி போயிற்று.

ஜஹனாரா முதலில் குதித்தாள். “நாங்க இன்னா அவளுக்குத் தொத்து வியாதியா?” என்றாள். ஒரு டீ குடித்து முடித்ததும் அவளே, “அவ கேக்கறது சரிதான். நம்மகிட்ட நல்ல பேர் வாங்கி அவ இன்னா பண்ணுவா?” என்றாள். ஜெகதீசன் மூன்று நாளாக நாஸ்தா சாப்பிடவில்லை. வெளியில் சாப்பிடுகிறான் என்பது வேறு விஷயம்.

இடம் கிடைத்துவிட்டது. மாமல்லபுரத்தில் அப்பாசாமி அண்ணாத்தயின் கல்யாண மண்டபம். நமக்கு எப்படிக் கொடுத்தார் என்று யோசிக்கிறாயா? இப்போது ஆடி மாசம். ஒரு முகூர்த்தமும் இல்லை. “பூட்டித்தான கெடக்குது, எலி ஓடிகினு. எட்த்துக்கோ. பெருக்கி வுட்டு சாவியக் குட்த்துரு” என்றார். ஆகஸ்ட் பத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பீச்சுக்கு வரும் ஜனங்கள் அந்த வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புவார்கள்.

வாசலில் போர்டு வைக்கிறேன். அதில் பெயரை எப்படிப் போடுவது? மேடைக்கு வேறு நல்ல பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லி கோபாலகிருஷ்ணன் அண்ணன் உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் எதுவும் சொல்லமாட்டேன். எழுது.

ஜாவித்


படாளம்
29 ஜூலை 2025

ஜாவித்,

போர்டில் என் பெயரைப் போடு. வேண்டா என்று பெரிதாகப் போடு. கீழே “சொந்தப் பாட்டுகள்” என்று போடு. அனுமதி இலவசம் என்பதை மறக்காதே, மண்டபம் என்றால் ஜனங்கள் மொய் எழுத வேண்டுமோ என்று பயப்படுவார்கள்.

அம்மா வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அவரும் உங்கள் கட்சிதான் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் தொண்டை நன்றாக இருக்கிறது.

வேண்டா


மாமல்லபுரம், மண்டபத்தில்
10 ஆகஸ்ட் 2025, மத்தியானம்

வேண்டா,

இந்தக் கடிதத்தை மிக்ஸர் மேல் வைத்துவிட்டுப் போகிறோம். நீ நாலு மணிக்குத்தான் வருவாய். அதற்கு முன்னால் நாங்கள் கிளம்பியிருப்போம்.

செட் எல்லாம் ரெடி. உன் குரலுக்கு ஒரு மைக், ஆர்மோனியத்துக்கு ஒன்று. மிக்ஸரில் சிவப்பு டேப் ஒட்டியிருப்பதைத் தொடாதே. பச்சை டேப் ஒட்டியிருப்பதுதான் உன் குரல், கூட்டம் இரைந்தால் அதை மட்டும் கொஞ்சம் ஏற்று. மைக் கீச்சென்று கத்தினால் பயப்படாதே, ஒரு அடி பின்னால் போய் நில். ஜெனரேட்டருக்கு வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் காது கேட்காது, அதனால் அவர் இருப்பது சத்தியத்தை மீறியதாகாது.

ஜஹனாரா ஹாலை இரண்டு தடவை பெருக்கினாள். நாற்காலிகளை நான் வரிசையாகப் போட்டேன். அவள், “இவ்ளோ வரிசையா போட்டா காலியா இருக்கறது தெரியும்” என்று கலைத்துப் போட்டாள். ஜெகதீசன் வாசலுக்கு சீரியல் லைட் கட்டியிருக்கிறான். எதற்கடா என்றால், “இருட்டா கீதே, இன்னான்னு தெரிய வேணாமா?” என்கிறான். விட்டுவிட்டேன். அவனுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமே.

உன் மைக்கைச் சோதிக்க நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் பாடிப் பார்த்தோம். சகிக்கவில்லை. இத்தனை நாள் உன்னை எவ்வளவு சுலபமாக “பாடு, பாடு” என்று சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு அந்த மைக் முன்னால் நிற்க முடியாமல் நான் இரண்டு வரியில் இறங்கிவிட்டேன். நீ தனியாக நிற்கப் போகிறாய். உன் தைரியத்தில் பாதி எங்களுக்கு இருந்திருந்தால் கூட்டத்தில் ஒளிந்துகொண்டு கத்தியிருக்கமாட்டோம்.

ஒரு ஆள் வந்தாலும், வராவிட்டாலும், நீ பாடுகிறவள். இதை நான் நண்பனாகச் சொல்லவில்லை. மைக் செட்காரனாகச் சொல்கிறேன்.

வேனில் ஏறி மதுராந்தகம் பக்கம் போய்விடுகிறோம். அங்கிருந்து கேட்காது.

ஜாவித்


படாளம்
12 ஆகஸ்ட் 2025

ஜாவித், ஜஹனாரா, ஜெகதீசன் மூவருக்கும்,

போனில் சொல்லியிருக்கலாம். முழுக்கச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். சத்தமாகப் படி ஜாவித். அவர்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

ஆறு மணிக்கு மைக்கை ஆன் செய்தேன். ஹாலில் நானும் வாட்ச்மேனும்தான். முதல் பாட்டை நாற்காலிகளுக்குப் பாடினேன். இரண்டாவது பாட்டில் வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். பீச்சில் மீன் வறுத்து விற்பவர்கள், எண்ணெய்க் கை. ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்து, “யாரும்மா அது, ஆடி மாசத்துல கண்ணாலம் பண்றது?” என்று கேட்டார். கேட்டதில் ஒரு அதட்டல் வேறு. ஜெகதீசா, உன் சீரியல் லைட் செய்த வேலை இது! ஊரில் யாரோ ஓடிப் போய்க் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்று நினைத்து நியாயம் கேட்க வந்திருக்கிறார்கள். நான் பாட்டை நிறுத்தி, “கல்யாணம் இல்லக்கா, பாட்டு” என்றேன். “பாட்டா? அதுக்கு எதுக்கு லைட்டு?” என்றார். ஆனால் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோர் கண்ணும் மாப்பிள்ளையைத்தான் தேடியது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பீச்சிலிருந்து ஜனங்கள் ஓடி வந்து உள்ளே ஏறினார்கள். குழந்தைகள், ஈரத் துணி, தலையில் பிளாஸ்டிக் கவர். கல்பாக்கத்துக் குடும்பம் ஒன்று, பொத்தேரிப் பையன்கள் கூட்டம் ஒன்று, பைக்கை வெளியே நனையவிட்டு ஹெல்மெட்டோடு நின்ற ஒருத்தர். ஹால் நிறைந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே ஒருவர் எனக்காக உட்கார வேண்டும் என்று இத்தனை ஏற்பாடு செய்தால், மழைக்கு ஒதுங்கியவர்களை வைத்துக்கொண்டு நான் என்னவென்று முடிவு செய்வது? இதிலும் எனக்குத் தெளிவு கிடைக்காதா என்று அழுகை வந்தது. போனால் போகட்டும் என்று ‘ஈரத் தலை’யை எடுத்தேன். குளித்த தலை காயாமல் கம்பெனி வேனுக்கு ஓடும் பெண்ணின் பாட்டு. எதிரே எல்லோரும் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். சிரித்துவிட்டேன். அவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் யார் முகத்தையும் எடை போட்டுப் பார்க்கவில்லை. பாடினேன், அவ்வளவுதான்.

கடைசிப் பாட்டு புதுப் பாட்டு. உங்களுக்குத் தெரியாது, போன வாரம்தான் எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். முடிந்ததும் கண்ணைத் திறந்தால் ஹாலில் பாதி காலி. சரி, போய்விட்டார்கள் என்று ஆர்மோனியத்தை மூடினேன். மிச்சம் இருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மீன்கார அக்காவிடம், “மழை இன்னும் விடலையாக்கா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். “மழ வுட்டு எம்மா நேரமாவுது! நீ பாடிகினு கீறியேன்னு குந்திகினு கீறோம். யாவாரம் வேற கெடக்குது” என்றார்.

ஜன்னலுக்கு வெளியே ரோடு காய ஆரம்பித்திருந்தது. எப்போது மழை விட்டது என்று எனக்குத் தெரியவில்லை. யார் எப்போது எழுந்து போனார்கள் என்றும் தெரியவில்லை. ஹெல்மெட்காரர் வாசல் தூணில் சாய்ந்து அப்படியே நின்றுகொண்டிருந்தார். பொத்தேரிப் பையன்களில் ஒருவன் வந்து, “அக்கா, இதெல்லாம் எதுல கேக்கலாம்? போட்டு இருக்கீங்களா?” என்றான். இன்னும் இல்லை, இந்த மாதக் கடைசியில் வரும் என்று என் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. நேற்றுக் காலை ஹாஸ்டல் மேடத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். அவர், “நெஜமாவா? யோசிச்சியா?” என்றார். “நெஜமாத்தான் மேடம்” என்றேன். போனை வைத்த பிறகு பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் இந்தப் பயத்தை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜாவித், நீ மன்னிப்புக் கேட்கவே இல்லை. நல்லவேளை, கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மன்னித்துத் தொலைத்திருப்பேன், இந்தக் கச்சேரி நடந்திருக்காது. உங்கள் மூன்று பேரைப் போல் ஆட்களை நான் பார்த்ததே இல்லை. தாங்கள் கேட்க முடியாத கச்சேரிக்கு யாராவது இரண்டு தடவை ஹாலைப் பெருக்குவார்களா? ஆசை ஆசையாக லைட் கட்டிவிட்டு மதுராந்தகம் வரை ஓடுவார்களா? நீங்கள் ஓடினீர்கள். சொன்ன சொல் மாறாமல் ஓடினீர்கள். நான் மேடையில் நின்று பாடியது பெரிய காரியம் என்றால், அதைவிட இது பெரியது.

அந்தப் புதுப் பாட்டு உங்களைப் பற்றியது. அதில் ஒரு இடம் இப்படி வரும்:

பன்னீரு தெளிக்கையில
பந்தம் எதுன்னு கேட்டாங்க
பாட்டு வூட்டுக்காரங்கன்னு
நெஞ்சு நிமுந்து வந்தாங்க

இந்த இடத்தில் மீன்கார அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார் என்று அந்தப் பையன் சொன்னான். எண்ணெய்க் கை பட்டதாகக்கூட இருக்கலாம்.

யாரென்றே தெரியாத அத்தனை பேர் அதைக் கேட்டுவிட்டார்கள். யாருக்காக எழுதினேனோ அவர்கள் மூன்று பேரை நானே ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். அம்மா இப்போதே கோழி சொல்லி வைத்துவிட்டார். ஜாவித், உன் அம்மாவையும் அழைத்து வா.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்த ஹாலில் எனக்கு ஒரு வரிகூட மறக்கவில்லை. உங்கள் முன்னால் உட்கார்ந்து அந்தப் பாட்டை எடுக்கப் போகிறேன் என்று நினைத்தால் இப்போதே மறக்கிறது. மேலே இருக்கும் நாலு வரியையும் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன்.

உங்கள்
வேண்டா